ஆய்வில் பங்காளிகளான இதயச் செயலிழப்பு நோயாளிகள்: ரீச்-எச்எஃப் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மருத்துவ ஆராய்ச்சியில் நோயாளிக்கு வழக்கமாக வரும் பங்கு சிறியது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவார், ரத்தம் கொடுப்பார், கேள்வித்தாளை நிரப்புவார், வீட்டுக்குப் போவார். எதைச் சோதிப்பது, எதை அளப்பது, எதை வெற்றி என்று எண்ணுவது ஆகிய எல்லாம் அவர் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலை மையமாகக் கொண்டு தொடங்கிய ரீச்-எச்எஃப் என்ற திட்டத்தில் (எச்எஃப் என்பது இதயச் செயலிழப்பின் ஆங்கிலச் சுருக்கம்) இந்த ஏற்பாடு மாறியது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும், சிகிச்சைத் திட்டம் வெறும் யோசனையாக இருந்தபோதே உள்ளே வந்தார்கள்.

நோயாளிகளை ஆலோசனைக் குழுவில் உட்கார வைத்துவிட்டு அதோடு நின்றுவிடும் திட்டங்கள் ஏராளம். இங்கே அவர்களுக்குக் குறிப்பிட்ட வேலைகள் இருந்தன. அந்த வேலைகள் எங்கே பலன் தந்தன, எங்கே போதாமல் போயின என்பது வெளியான கட்டுரைகளில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் இதை ஆரம்பத்திலிருந்து எழுதுவது பயன்படும் என்று நினைக்கிறேன். இதில் பங்கேற்ற யாருடைய பெயரும் இங்கே வராது.

பின்னணி

முதலில் நோயைப் பற்றி. மாரடைப்பு வேறு, இதயச் செயலிழப்பு வேறு. மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தம் திடீரென்று தடைபடுகிறது. செயலிழப்பில் இதயம் நின்றுவிடுவதில்லை. உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தைச் செலுத்த முடியாமல் அது திணறுகிறது. நல்ல நிலையில் உள்ள இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். அது 40 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோ போனால், வெளியேற்றம் குறைந்த வகைச் செயலிழப்பு என்பார்கள். வெளியேற்றம் சரியாக இருந்தும் இதயச் சுவர் விறைத்துப்போய், ரத்தம் சரியாக நிரம்பாத இன்னொரு வகையும் உண்டு. இரண்டிலும் மூச்சு வாங்கும், கால் வீங்கும், சின்ன வேலைக்கே உடம்பு அசந்துவிடும். படுத்தால் மூச்சுத் திணறும் என்று பல தலையணைகளை அடுக்கி வைத்து, பாதி உட்கார்ந்தபடியே தூங்குபவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவர்களுக்கு உடற்பயிற்சி ஆபத்து என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அதை மாற்றின. அளவோடு, கண்காணிப்போடு செய்யும் பயிற்சி வாழ்க்கைத் தரத்தைக் கூட்டுகிறது, மருத்துவமனையில் சேர வேண்டிய தேவையைக் குறைக்கிறது என்று தெரிந்தது. 33 சோதனைகளையும் 4,740 நோயாளிகளையும் தொகுத்து 2014இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வும் இதையே சொன்னது. ஆய்வு முடிவுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பு காக்ரேன். எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010இலேயே தன் வழிகாட்டுதலில், இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வுப் பயிற்சி தர வேண்டும் என்று கூறியிருந்தது.

நடைமுறை அப்படி இல்லை. பிரிட்டனில் இந்தப் பயிற்சியைப் பெற்றவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஏன் என்று அறிய இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் உள்ள மறுவாழ்வு மையங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதன் முடிவு 2012இல் வெளியானது. ஆள், பண வசதி இல்லை என்பதும், உள்ளூர் நிதி ஒப்பந்தங்களில் இதயச் செயலிழப்பு சேர்க்கப்படவே இல்லை என்பதும் முக்கியக் காரணங்களாக வந்தன. இவை மையங்கள் சொன்ன காரணங்கள். நோயாளி ஏன் போகவில்லை என்பதற்கான பதில் நோயாளியிடம்தான் இருக்கும்.

கார்ன்வாலின் நில அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். கடலுக்குள் நீண்டு ஒடுங்கும் தீபகற்பம் அது. பெரிய மருத்துவமனை ட்ரூரோ நகரில் இருக்கிறது. கடலோரச் சிற்றூரில் தனியாக வாழும் எழுபது வயதுக்காரர், மூச்சு வாங்கும் உடம்போடு வாரம் இரண்டு முறை அங்கே போய்ப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அந்த ஊருக்கு ஒத்து வராத எதிர்பார்ப்பு. இதே வட்டாரத்தில் முன்பு மாரடைப்பு வந்தவர்களுக்காக ஓர் ஆய்வு நடந்திருந்தது. கையேட்டின் துணையோடு வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களையும் மருத்துவமனைக்கு வந்து செய்தவர்களையும் அதில் ஒப்பிட்டார்கள். முடிவு 2007இல் வந்தது. இரண்டு முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலேயே செய்யலாம் என்ற துணிவு அந்த ஆய்விலிருந்து வந்தது. ஆனால் இதயச் செயலிழப்புக்கு ஏற்ற கையேடு எதுவும் கையில் இல்லை. அதை உருவாக்கிச் சோதிக்கத்தான் ரீச்-எச்எஃப் திட்டம் பிறந்தது. நிதி கொடுத்தது பிரிட்டன் அரசின் தேசிய உடல்நல ஆராய்ச்சி நிறுவனம்.

குழு அமைந்த விதம்

பிரிட்டனில் நோயாளி பங்கேற்புக்கு ஏற்கெனவே ஒரு பாதை இருந்தது. 1996 முதல் பொதுமக்களை ஆராய்ச்சியில் ஈடுபடுத்தவென்றே அரசு ஆதரவில் ஓர் அமைப்பு இயங்கியது. பின்னாளில் இன்வால்வ் என்று அது அறியப்பட்டது. பங்கேற்பு என்றால் என்ன என்பதற்கு அது வைத்திருந்த வரையறை தெளிவானது: ஆராய்ச்சி மக்கள்மீதோ மக்களைப் பற்றியோ நடப்பது பங்கேற்பு ஆகாது, மக்களோடு சேர்ந்தோ மக்களாலேயோ நடக்க வேண்டும். நிதி கேட்டு விண்ணப்பிப்பவர்கள் இதற்கான திட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வெறும் விண்ணப்பச் சடங்காக இது முடிந்துபோக நிறைய வாய்ப்பு இருந்தது. ரீச்-எச்எஃப் குழுவினர் ட்ரூரோ மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவோடு இணைத்து நோயாளிகளும் பராமரிப்பவர்களும் கொண்ட ஒரு நிரந்தரக் குழுவை அமைத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அழைத்து, கருத்துக் கேட்டு அனுப்பிவிடும் ஏற்பாடு இல்லை இது. பல ஆண்டுகள் நீடித்த திட்டத்தோடு அந்தக் குழுவும் கூடவே நடந்தது. அதைச் சேர்ந்த ஒரு நோயாளியின் பெயர் முக்கியக் கட்டுரைகளில் மருத்துவர்கள், பேராசிரியர்கள் பெயர்களோடு ஆசிரியர் வரிசையில் இருக்கிறது. நன்றியுரையில் ஒரு வரியாகப் போயிருக்க வேண்டியது, ஆசிரியர் வரிசைக்கு வந்தது. முடிவுகளுக்குப் பொறுப்பேற்கும் இடம் அது.

அந்தக் குழுவிடம் ஒப்படைத்த வேலைகள் மூன்று. நோயாளிகளுக்கும் பராமரிப்பவர்களுக்கும் என்ன தேவை என்று கண்டறிய உதவுவது முதல் வேலை. திட்டத்தின் நோக்கங்களையும் வழிமுறைகளையும் திருத்திச் சீர்செய்வது அடுத்தது. மூன்றாவது வேலை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வீடு வீடாகப் போய்த் திட்டத்தை நடத்தப்போகும் செவிலியர்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்களுக்கும் பயிற்சி கொடுப்பதில் இவர்களும் பங்கெடுத்தார்கள்.

முதலில் தெரிய வந்தவை

திட்டத்தை வரைவதற்கு முன் ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் படித்தார்கள். இந்த நோயை எதிர்கொள்ளும் விதத்தில் மனிதர்கள் நான்கு வகையாகப் பிரிகிறார்கள் என்று அந்தத் தொகுப்பு காட்டியது. திட்டமிட்டே ஒதுங்கிப் போகிறவர்கள் ஒரு வகை. சிலவற்றை ஏற்று, சிலவற்றை மட்டும் இல்லவே இல்லை என்று மறுப்பவர்கள் இன்னொரு வகை. நல்ல எண்ணத்தோடு முயன்றும் முழுதாகச் செய்ய முடியாதவர்கள் மூன்றாவது வகை. நோயைக் கையாள்வதில் தேர்ந்துவிட்டவர்கள் கடைசி வகை. ஒரே ஆள் காலப்போக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். மருந்தைச் சரியாகச் சாப்பிடாதவரை ‘சொன்ன பேச்சைக் கேட்காதவர்’ என்று முத்திரை குத்துவதில் எந்தப் பயனும் இல்லை என்பது இதிலிருந்து தெரிந்தது.

பராமரிப்பவர்களிடம் தனியாகவும் பேட்டி எடுத்தார்கள். பெரும்பாலும் மனைவி, சில இடங்களில் கணவன் அல்லது மகள். அவர்கள் சொன்னதில் அடிக்கடி வந்தது விழிப்பு. ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடப்பது, கால் வீங்கியிருக்கிறதா என்று தினமும் பார்ப்பது, மாத்திரை நேரத்தை நினைவில் வைத்திருப்பது. இந்த ஓட்டத்தில் தங்கள் உடம்பையும் மனதையும் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். மருத்துவரின் அறையில் நோயாளியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், அவர்களிடம் நேராக யாரும் எதையும் கேட்பதில்லை.

நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவப் பணியாளர்கள் மூன்று தரப்பும் சொன்னதையும் ஆய்வுகளும் வழிகாட்டுதல்களும் சொன்னதையும் ஒன்றாக வைத்து, எதை மாற்ற வேண்டும் என்று பட்டியலிட்டார்கள். உடற்பயிற்சியில் ஈடுபடுவது, நோய் மோசமாவதன் அறிகுறிகளைக் கவனிப்பது, மன அழுத்தத்தையும் பதற்றத்தையும் சமாளிப்பது, மருந்துகளைக் கையாள்வது, நோயைப் புரிந்துகொள்வது ஆகியவை முதல் வரிசையில் வந்தன. சோர்ந்த மனநிலையும் புகைப்பழக்கமும் அடுத்த வரிசைக்குப் போயின.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எல்லாம் வீட்டில் நடக்க வேண்டும் என்பது. பயிற்சி பெற்ற ஒரு செவிலியரோ பிசியோதெரபிஸ்ட்டோ நேரில் வருவார், இடையிடையே தொலைபேசியில் பேசுவார். 12 வாரம் இப்படிப் போகும். மையத்துக்கு வர முடியாதவரிடம் மையத்தையே கொண்டுபோகும் யோசனை இது.

இரண்டாவது, உடற்பயிற்சியில் தேர்வு இருக்க வேண்டும் என்பது. நடைப்பயிற்சி ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்தபடி டிவிடி பார்த்துச் செய்யும் பயிற்சி இன்னொன்று. இரண்டும் படிப்படியாகக் கடினமாகும். யார் எந்தப் படியில் தொடங்குவது என்பதை அவரவர் தெம்பைச் சோதித்து முடிவு செய்வார்கள். கேட்க இது சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் மழையும் காற்றும் அடிக்கும் கடற்கரை ஊரில், முட்டிவலியும் இருக்கிற ஒருவரிடம் ‘தினமும் நட’ என்று மட்டும் சொன்னால், முதல் வாரத்திலேயே திட்டம் முடிந்துபோகும். வெளியே போகாமல் செய்ய ஒரு வழி இருந்தால் விட்டதைத் திரும்பத் தொடங்கலாம்.

மூன்றாவதாக, ‘இதயச் செயலிழப்புக் கையேடு’ ஒன்றை எழுதினார்கள். எடின்பரோவில் மாரடைப்பு நோயாளிகளுக்கான கையேட்டைப் பல ஆண்டுகளாக நடத்திவந்த குழுவின் அனுபவம் இதற்கு உதவியது. கையேட்டோடு முன்னேற்றத்தைக் குறித்து வைக்கும் தனிப் புத்தகமும் வந்தது. எடை, வீக்கம், மூச்சு எப்படி இருக்கிறது என்பதை நோயாளியே எழுதுவார். உடம்பில் நீர் சேர்கிறது என்பதற்கு எடைதான் முதல் சாட்சி. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், சாப்பாட்டால் வந்த எடை இல்லை அது. அதைக் கண்டுபிடித்து உரிய ஆளை அழைத்தால், நுரையீரலில் நீர் கோத்து அவசர ஊர்தியில் போக வேண்டிய நிலையைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு. மருத்துவர் நாடி பார்க்கும் நேரத்தைவிட நோயாளி தன் உடம்போடு இருக்கும் நேரம் பல மடங்கு அதிகம். அந்த நேரத்தைப் பயன்படுத்தத் தெரிந்த கருவி இது.

நான்காவது, குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்கும் என்று தனிப் புத்தகம். நோயாளியின் கையேட்டில் கடைசி அத்தியாயமாக அதைச் சேர்த்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் பிரித்தது சரியான முடிவு. நோயாளி பக்கத்தில் இருக்கும்போது மனைவியால் கேட்க முடியாத கேள்விகள் இருக்கின்றன.

ஐந்தாவது முடிவுதான் இந்த நிகழ்வை வேறுபடுத்துகிறது. செவிலியர்களுக்கான பயிற்சியில் நோயாளிகள் ஆசிரியர் பக்கம் நின்றார்கள். இதயப் பிரிவில் அனுபவம் உள்ள செவிலியருக்கு மருந்தின் அளவு தெரியும், மின்வரைபடம் படிக்கத் தெரியும். படிக்கட்டின் பாதியில் நிற்கும்போது ஒருவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதைப் பாடப் புத்தகம் சொல்லிக் கொடுக்காது. ‘கொஞ்சம் மூச்சு வாங்கினால் பரவாயில்லை’ என்று செவிலியர் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை, முன்பு ஒருமுறை மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்ந்தவருக்குப் பயமுறுத்தலாகக் கேட்கும். எவ்வளவு மூச்சு வாங்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எந்தச் சொற்களில் சொல்வது என்று கற்றுத்தர, அதை அனுபவித்தவரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. பிறர் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்வதோடு நிற்காமல், ஒரு தொழில்முறைப் பணியாளரின் நடத்தையை மாற்றும் இடத்தில் நோயாளி இருந்தார். அதிகாரம் கொஞ்சமாவது கைமாறியது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

கையேட்டின் எந்தப் பகுதி குழுவின் யோசனை, எது ஆய்வாளர்களுடையது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. உண்மையாகச் சேர்ந்து செய்யும் வேலையில் அப்படித்தான் இருக்கும்.

முன்னோட்டத்தில் வெளிப்பட்ட குறை

பெரிய சோதனைக்கு முன் ஒரு சின்ன முன்னோட்டம். 4 இடங்கள், 23 நோயாளிகள், 12 பராமரிப்பவர்கள், திட்டத்தை நடத்தப் பயிற்சி பெற்ற 7 பணியாளர்கள். இதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. நடக்கிறதா, பிடித்திருக்கிறதா, சொல்லிக் கொடுத்தபடி நடத்துகிறார்களா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

பிடித்திருந்தது. மூன்று தரப்பிலும் திருப்தியும் ஈடுபாடும் நன்றாகவே இருந்தன. ஆனால் எவ்வளவு ஒழுங்காக நடத்தினார்கள் என்பதை ஆராய்ந்தபோது பல இடங்களில் இன்னும் செய்ய வேண்டியது இருப்பது தெரிந்தது. அவற்றில் முக்கியமாக வந்தது பராமரிப்பவர்களின் தேவை.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பராமரிப்பவர்கள் குழுவிலேயே இருந்தார்கள். அவர்களிடம் பேட்டி எடுத்துத் தனிக் கட்டுரையே எழுதியிருந்தார்கள். அவர்களுக்கென்று தனிப் புத்தகமும் அச்சாகியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் செவிலியர் வீட்டுக்குள் நுழைந்தவுடன் பேச்சு நோயாளி பக்கமே போய்விட்டது. ஆண்டுக்கணக்கில் ‘நோயாளி யார்’ என்று பார்த்துப் பழகிய கண் அது. திட்டத்தில் எழுதி வைப்பது ஒன்று, ஒரு மணி நேரச் சந்திப்பில் எழுதியதைச் செய்ய நேரம் ஒதுக்குவது வேறு. இந்தக் குறை முன்னோட்டத்திலேயே தெரிந்தது நல்லதாகப் போயிற்று. அதைப் பூசி மறைக்காமல் வெளியிட்டார்கள், அதற்கேற்பக் கையேடு முதலியவற்றையும் திருத்தினார்கள்.

பெரிய சோதனை

அடுத்தது குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சோதனை. பர்மிங்காம், கார்ன்வால், க்வென்ட், யார்க் ஆகிய நான்கு மையங்களில் வெளியேற்றம் குறைந்த வகை நோயாளிகள் 216 பேர் சேர்ந்தார்கள். சராசரி வயது 70. இதய வெளியேற்றம் சராசரியாக 34 விழுக்காடு. 78 விழுக்காட்டினர் ஆண்கள். கூடவே பராமரிப்பவர்கள் 97 பேரும் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு அதோடு ரீச்-எச்எஃப் திட்டமும்.

முதன்மை அளவுகோலாக எடுத்துக்கொண்டது, மினசோட்டா கேள்வித்தாள் காட்டும் வாழ்க்கைத் தரத்தை. 21 கேள்விகள், மொத்தம் 105 மதிப்பெண். குறைவாக இருந்தால் நல்லது. கால் வீங்குகிறதா, பகலில் படுக்க வேண்டியிருக்கிறதா, வீட்டை விட்டு வெளியே போவது கஷ்டமாக இருக்கிறதா, குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் அதில் வரும். இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் மட்டும் எண்ணும் சோதனைகளில் இந்தக் கடைசிக் கேள்விக்கு இடமே கிடையாது. எழுபது வயதில் இந்த நோயோடு வாழும் ஒருவருக்கு, எத்தனை நாள் என்பதோடு எப்படிப்பட்ட நாள் என்பதும் முக்கியம். அந்த வகையில் இது நோயாளிக்கு நெருக்கமான அளவுகோல்.

முடிவுகள்

12 மாதம் கழித்து 185 பேரிடமிருந்து, அதாவது 86 விழுக்காட்டினரிடமிருந்து முதன்மைத் தகவல் கிடைத்தது. ரீச்-எச்எஃப் குழுவின் மதிப்பெண் மற்றக் குழுவைவிட 5.7 குறைவு, அதாவது அந்த அளவுக்கு மேலான வாழ்க்கைத் தரம். 5 மதிப்பெண் வேறுபாடு இருந்தாலே நோயாளியால் உணர முடியும் என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. உண்மையான வேறுபாடு 0.7 முதல் 10.6 வரை எங்கேயும் இருக்கலாம் என்று புள்ளியியல் வரம்பு சொன்னது. ஆக, பலன் உண்டு. ஆனால் அது மிகச் சிறியதாகவும் இருக்கலாம், கணிசமானதாகவும் இருக்கலாம். தன்னைத்தானே கவனித்துக்கொள்வதில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. மற்றத் துணை அளவுகளில், மருத்துவமனைச் சேர்க்கை போன்ற நிகழ்வுகள் உட்பட, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு நோயாளிக்கு ஆன செலவு சராசரியாக 418 பவுண்டு.

பராமரிப்பவர்களின் கதை தனிக் கட்டுரையாக வந்தது. 97 பேரில் 53 பேர் ரீச்-எச்எஃப் பக்கம், 44 பேர் மற்றப் பக்கம். நோயைக் கையாள்வதில் துணை நிற்க முடியும் என்ற நம்பிக்கை திட்டத்தைப் பெற்றவர்களிடம் கூடியிருந்தது. பேட்டியில் பேசியவர்களில் பெரும்பாலோர் தாங்கள் உதவும் விதமே மாறியதாகச் சொன்னார்கள். முன்னோட்டத்தில் கண்ட குறையைத் திருத்தியதால்தான் இது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் திருத்தியிருக்காவிட்டால் பராமரிப்பவர்களைப் பற்றிய அந்தக் கட்டுரையில் சொல்ல அதிகம் இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

இதோடு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனை நிரூபித்தது பயிற்சித் திட்டத்தின் பலனை. நோயாளிகளைப் பங்காளிகளாக்கியதன் பலனை அது சோதிக்கவில்லை. நோயாளிகள் இல்லாமல் எழுதிய ஒரு கையேட்டோடு இதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பங்கேற்பை ஆதரித்துப் பேசுகிறவர்கள், நானும் அவர்களில் ஒருவன், 5.7 என்ற எண்ணைத் தூக்கிக் காட்டி ‘பாருங்கள், பங்கேற்பு வேலை செய்கிறது’ என்று சொல்லிவிடக் கூடாது.

அதன் பின்

வெளியேற்றம் குறையாத இரண்டாவது வகை நோயாளிகளுக்கு இதே முறை ஒத்து வருமா என்று ஸ்காட்லாந்தின் டண்டீ பகுதியில் 50 பேரை வைத்து ஒரு முன்னோட்டச் சோதனை நடந்தது. நடத்த முடியும் என்று தெரிந்தது. இந்த வகையில் பெண்களும் மிக வயதானவர்களும் அதிகம். மருந்தால் கிடைக்கும் பலனும் நெடுங்காலம் சொற்பமாகவே இருந்தது. அதனால் அவர்களுக்கு இப்படியொரு திட்டம் இன்னும் அவசியம். 520 பேரைச் சேர்க்கும் முழு அளவிலான சோதனை இதன் தொடர்ச்சியாகத் திட்டமிடப்பட்டது.

நைஸ் அமைப்பு 2018 செப்டம்பரில் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, மறுவாழ்வுப் பயிற்சி நோயாளிக்கு எளிதில் எட்டும் இடத்தில், வீடு உட்பட, கிடைக்க வேண்டும் என்று சேர்த்தது. ரீச்-எச்எஃப் சோதனையின் முடிவு அதற்குப் பிறகுதான் அச்சேறியது. எனவே இதனால் அது மாறியது என்று சொல்வது சரியாகாது. இரண்டும் ஒரே திசையில் வந்தன, அவ்வளவுதான். பிறகு 2020இல் கொரோனா வந்து மறுவாழ்வு மையங்கள் மூடப்பட்டபோது, சோதித்துப் பார்த்த வீட்டுத் திட்டம் ஒன்று தயாராக இருந்தது பெரிய ஆறுதல். ஸ்காட்லாந்தின் சில சுகாதார வட்டாரங்களிலும் இத்திட்டத்தை அன்றாடச் சேவையாக நடத்திப் பார்த்தார்கள்.

அடுத்த முறை என்ன மாற வேண்டும்

பங்கேற்பின் தாக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்ய வேண்டும். எந்தக் கூட்டத்தில் எந்த யோசனை வந்தது, எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது என்று ஒரு ஏடு போதும். தள்ளப்பட்ட யோசனைகளின் பட்டியல் ஏற்கப்பட்டவற்றைவிட அதிகம் சொல்லித் தரும். பங்கேற்பைக் கட்டுரையில் எப்படித் தெரிவிப்பது என்பதற்கு 2017இல் க்ரிப்-2 என்ற சரிபார்ப்புப் பட்டியலும் வந்துவிட்டது. ஆக, முறை தெரியவில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

பராமரிப்பவர்களுக்குத் தனிக் குழு வேண்டும். நோயாளியோடு சேர்ந்தே உட்கார்ந்தால் அவர்கள் நோயாளிக்காகவே பேசுவார்கள். செவிலியரின் சந்திப்பு நேரத்தில் அவர்களுக்கென்று ஒரு பகுதியை எழுதியே ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னோட்டத்தில் நடந்ததுதான் மறுபடி நடக்கும்.

அப்புறம், யார் வரவில்லை என்று பார்ப்பது. சோதனையில் சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். தனியாக வாழும் மூதாட்டிகள், ஆங்கிலம் சரளமாக வராதவர்கள், எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் இப்படிப்பட்ட குழுவுக்குத் தாமாக வந்து சேர மாட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் பேச்சுத் திறனும் நேரமும் உள்ள ஓய்வுபெற்ற அலுவலர்கள்தான் வருவார்கள். அவர்களும் தேவைதான், அவர்கள் மட்டும் போதாது. வராதவர்களிடம் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்க வேண்டும், அதற்கான செலவை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும்.

இந்த நோய்க்கென்றே சில நடைமுறைகள் வேண்டும். நீரிறக்கும் மாத்திரையைக் காலையில் போடுகிறவர் அடுத்த சில மணி நேரம் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கும். ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தால் ஒன்று மாத்திரையை விடுவார், இல்லை கூட்டத்தை விடுவார். முற்பகல் கடந்த நேரம், தரைத்தளம், அருகில் கழிப்பறை, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து குறைந்த நடை, நடுவில் இடைவேளை, வர முடியாதவருக்குத் தொலைபேசி வழி இணைப்பு இவை அடிப்படை. பயணச் செலவும் நேரத்துக்கான தொகையும் கொடுக்க வேண்டும் என்று இன்வால்வ் வெகு காலமாகச் சொல்லி வந்தது. தொகையைக் கூட்டம் முடிந்த அன்றே கையில் கொடுப்பது நல்லது. ஓய்வூதியத்தில் வாழ்பவரை மூன்று மாதம் ரசீதுக்காக அலைய விடக் கூடாது.

கடைசியாக, எழுத யாரும் விரும்பாத ஒன்று. இதயச் செயலிழப்பு உயிரைக் குடிக்கும் நோய். பல ஆண்டுகள் நீளும் திட்டத்தில் பங்காளிகள் சிலர் நடுவில் மருத்துவமனையில் சேர்வார்கள், சிலர் இறந்தும் போகலாம். அப்படி நேர்ந்தால் மற்றவர்களுக்கு யார், எப்படிச் சொல்வது, குடும்பத்தோடு யார் பேசுவது, விட்டுப்போன வேலையை யார் எடுப்பது, கட்டுரையில் அவர் பெயரை எப்படிப் போடுவது என்பதை முதல் கூட்டத்திலேயே அவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேரை நியமித்தால், உடம்பு முடியாதபோது ஒருவர் குற்ற உணர்வில்லாமல் ஓய்வெடுக்கலாம்.